கழுவிய பரல்கள்

அரியநாயகத்தார் வளவுக் கிணற்றில் எத்தனை பாம்பு விழுந்தது என்று கேட்டால் புங்குடுதீவில் எவரும் சிரிப்பார்கள். உண்மையில் ஒன்றுகூட விழவில்லை. கரையோரக் குடியிருப்பிலிருந்து பெண்கள் குடத்தோடு வரும்போதெல்லாம் அந்த வீட்டாருக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஒருமுறை பாம்பு. இன்னொருமுறை கிணறு இறைத்துக் கலங்கல். பிறகொருமுறை மருந்து போட்டிருக்கிறது, இரண்டு நாளைக்குத் தொடக்கூடாது. மனம் இளகிய நாளில் வீட்டார் யாராவது தாங்களே அள்ளி, மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கக் குடத்தில் ஊற்றுவார்கள். கயிற்றை மட்டும் அந்தப் பெண்கள் கையில் கொடுப்பதில்லை. இதற்குப் பெயர் சாதி என்று யாராவது சொன்னால் அம்பிகைக்குக் கோபம் வரும். "அது எங்கடை வழமை" என்பாள்.

அம்பிகை அரியநாயகத்தாரின் கடைசி மகள். தகப்பன் தெற்கே கடை வைத்துச் சேர்த்ததெல்லாம் ஒரு கலவரத்தில் கரியாகிப் போக, குடும்பத்துக்கு மிஞ்சியவை இந்த வளவும், இந்தக் கிணறும், அரியநாயகம் என்ற பெயரும்தான். அண்ணன் நடராசா கனடாவுக்குப் போய்விட்டார். புருஷன் செத்தபிறகு மகன் சுதனும் யாழ்ப்பாணத்தில் வங்கி வேலை கிடைத்து அங்கேயே குடும்பமாகிவிட்டான். அம்பிகை மட்டும் காவலுக்கு இருந்தாள். வீட்டுக்குக் காவல் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கிணற்றுக்குத்தான் காவல் என்று அவளுக்குத் தெரியும். சுற்றிவரக் கடல், தோண்டினால் உவர், வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் உள்ள கிணறுகளை அந்த ஊரில் விரல்விட்டு எண்ணலாம். அதில் முதல் விரல் அவளுடையது.

சண்டை முடிந்து சனம் ஊருக்குத் திரும்பியபோது, திரும்பியவர்கள் பழைய ஆட்களாக இல்லை. மேரிஜோசப்பினின் தாய் அந்தக் காலத்தில் மதிலடியில் குனிந்து நின்று தண்ணீர் வாங்கியவள். மகள் குனியவில்லை. மீன் விற்று நாலு ஊர் திரிந்தவள், வாயும் அதற்கேற்ற வாய். அம்பிகையை "அக்கா" என்று கூப்பிட்டாள். அதிலேயே அம்பிகைக்கு அரைவாசிக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா, நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள்? கயிறைத் தாங்கோ, நாங்களே அள்ளுறம்."

"இண்டைக்கு ஏலாது மேரி. கிணத்துக்கு மருந்து போட்டிருக்கு."

"போன கிழமையும் மருந்துதானே போட்டனீங்கள்? கிணத்துக்கு என்ன, காய்ச்சலோ?"

பின்னால் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அன்று மத்தியானம் அம்பிகைக்குச் சோறு இறங்கவில்லை. முன்னையைப்போல முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லவும் முடியாது. யாராவது போனில் படம் பிடித்து உலகமெல்லாம் காட்டிவிடுவார்கள், கனடாவில் நடராசா தலை நிமிர்ந்து நடக்க முடியாது. இல்லை என்று சொல்லாமலே இல்லை என்று சொல்ல ஒரு வழி வேண்டியிருந்தது.

அந்த வழி நடராசாவின் போன் அழைப்பில் வந்தது. அப்பாவின் இருபத்தைந்தாவது திவசத்துக்கு ஊரில் ஏதாவது செய்ய வேண்டும், பேர் அழியாமல் நிற்கிறமாதிரி ஒன்று, என்ன செய்யலாம் என்று கேட்டார். அம்பிகை யோசிக்கவே இல்லை.

"தண்ணி அண்ணை. கரைச் சனத்துக்கு வீட்டுக்கு ஒரு பெரிய பரல் குடுப்பம். வேலணையிலையிருந்து தண்ணி லொறி, பவுசர் பிடிச்சு நிரப்பி விடுவம். ஒவ்வொரு பரலிலையும் அப்பாவின்ரை பேர். ஒவ்வொரு வாசலிலையும் அப்பா நிப்பார்."

நடராசா போனில் அழுதுவிட்டார். தங்கச்சியின் மனசு யாருக்கு வரும் என்றார். இனி ஒருத்தியும் குடத்தோடு என் வாசல் படலைக்கு வரமாட்டாள் என்ற பாதியை அம்பிகை அண்ணனுக்குச் சொல்லவில்லை.

பரல்கள் என்ற அந்தப் பிளாஸ்ரிக் பீப்பாய்கள் தெற்கிலிருந்து வந்தன. அரியநாயகத்தாரின் பழைய கூட்டாளி ஒருவரின் மகன் மலிவாகப் பிடித்துக் கொடுத்தான். மழைக்கோட்டுத் துணி செய்கிற ஏதோ ஒரு ஆலை கழித்துவிட்டவை, நல்ல தடித்த நீலப் பரல்கள், நூறு வருடம் போனாலும் வெடிக்காது என்று உத்தரவாதம் வேறு சொன்னான். லொறி பாலம் கடந்து வந்து முற்றம் நிறைய இறக்கிவிட்டுப் போனது. ஒட்டியிருந்த தாள்களை யாரோ ஏற்கெனவே சுரண்டியிருந்தார்கள். ஆனால் சுரண்டியும் போகாமல் பல பரல்களில் ஒரு சின்னப் படம் மிஞ்சியிருந்தது. இலையில்லாத ஒரு மரம், பக்கத்தில் மல்லாந்து கிடக்கிற ஒரு மீன்.

அந்தப் படத்தை உலகத்தில் வேறு யார் பார்த்திருந்தாலும் கொஞ்சம் பின்வாங்கியிருப்பார்கள். அம்பிகையும் பின்வாங்கினாள், வேறு காரணத்துக்காக. அவள் பிறந்ததிலிருந்து மச்சம் வாயில் வைக்காதவள்.

"ஐயோ, இது மீன் வைச்ச பரலடா!"

சனி ஞாயிறுக்கு வந்திருந்த சுதன் பரலுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தான். "மீன் மணம் ஒண்டும் இல்லை அம்மா."

"உள்ளுக்குக் கையை விட்டுப் பார். வழுவழு எண்டு கிடக்குது. மீனெண்ணெய். மச்சம் பட்ட பரலிலையோ அப்பாவின்ரை பேரை எழுதுறது?"

"அப்ப கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கழுவுவம்."

"மச்சத்தைக் கழுவக் கடல் தண்ணியோ? கடல் முழுக்க மச்சம்தானே! மஞ்சள் போட்டு எங்கடை கிணத்துத் தண்ணியாலை கழுவினால்தான் துடக்குப் போகும்."

குடியிருப்புப் பெண்களுக்கு அவற்றில் நாளைக்கு மீன் கழுவ வேண்டி வந்தாலும் வரும் என்பது அவளுக்குத் தெரியும். அது அவர்கள் பாடு. தன் கையைவிட்டுப் போகும்வரை தகப்பன் பெயர் எழுதிய பொருள் சுத்தமாக இருக்க வேண்டும், அதுதான் அவள் கணக்கு. கழுவுவதற்கு யாரைக் கூப்பிட்டாள் என்று நினைக்கிறீர்கள்? மேரிஜோசப்பினையும் அவள் மகள் நிருஜாவையும், இன்னும் நாலைந்து பேரையும்தான். மூன்று தலைமுறையாக மதிலுக்கு வெளியே நின்றவர்கள் அன்றுதான் முதல்முதலாகக் கிணற்றடியில் கால் வைத்தார்கள். சுதன் மோட்டரைப் போட்டுக் குழாயால் தண்ணீர் பிடித்தான். அம்பிகை கப்பியில் இருந்த கயிற்றைச் சுருட்டி எட்டாத உயரத்தில் கொழுவிவிட்டு, கதிரை போட்டு அதன் கீழேயே உட்கார்ந்துகொண்டாள்.

தண்ணீர் பட்டதும் பரல்கள் நுரைத்தன. சும்மா நுரையல்ல, வாய் வழியே வழிந்து, கிணற்றடிச் சீமெந்து நிறைந்து, பெண்களின் முழங்கால்வரை வெள்ளை வெளேரென்று எழும்பியது. காற்று அதைப் பிய்த்து வேலி மட்டையில் கொண்டுபோய் ஒட்டியது.

"சவுக்காரம் போடாமலே நுரைக்குது அக்கா" என்றாள் நிருஜா. போன மாதம்தான் கல்யாணமான பெண். இரண்டு கையாலும் நுரையை அள்ளி ஊதிச் சிரித்தாள்.

"மீனெண்ணெய் அப்பிடித்தான்" என்றாள் அம்பிகை, ஏதோ மீனெண்ணெயில் பிறந்து வளர்ந்தவளைப்போல. "நுரை நிக்குமட்டும் கழுவுங்கோ. ஒரு சொட்டும் மிஞ்சக்கூடாது."

அவர்களும் வஞ்சகமில்லாமல் கழுவினார்கள். தேங்காய்ப்பொச்சும் மஞ்சளும் போட்டு, கவிழ்த்து, உருட்டி, மறுபடி நிரப்பி ஊற்றி, ஒவ்வொரு பரலும் வெறும் தண்ணீர் மட்டும் விடும்வரை விடவில்லை. ஊற்றிய தண்ணீர் எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை. தீவில் மண் ஒரு முழத்துக்குமேல் கிடையாது. கீழே சுண்ணாம்புக்கல், கல் முழுக்க ஓட்டை. கிணற்றடியில் ஊற்றியது கிணற்றுக்குத்தான் திரும்பிப் போகும். பால்குடி மறந்த பிள்ளைக்கும் அந்த ஊரில் இது தெரியும். குளிக்கிற சவுக்காரத் தண்ணீர் கிணற்றடியில் ஓடக்கூடாது என்று மருமகளையே மாமரத்தடிக்குத் துரத்தியவள் அம்பிகை. ஆனால் அன்று முழுக்க அவள் கண் கயிற்றில் இருந்தது. வேறு எதையும் அவள் பார்க்கவில்லை.

பரல்கள் வெயிலில் காய்ந்தபின் ஆள் வைத்து வெள்ளைப் பெயின்றில் எழுதினார்கள்: அமரர் அரியநாயகம் ஞாபகார்த்தமாக. திவசத்தன்று கொடுத்தார்கள். நடராசாவுக்குப் படங்கள் போயின. பவுசர் கிழமைக்கு ஒருதரம் வந்து நிரப்பிவிட்டுப் போனது. படலைக்கு ஒருத்தியும் வரவில்லை. ஆள் அரவமில்லாத அந்தக் காலை நேரங்களில் அம்பிகைக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

அந்த நிம்மதிக்குமேலே சர்க்கரை தூவினமாதிரி இன்னொன்றும் வந்தது. கல்யாணமாகி ஏழு வருடமாக ஏங்கிக்கொண்டிருந்த மருமகள் நிசாந்தினிக்கு வயிற்றில் தங்கியது.

அம்பிகை அடுத்த பஸ்ஸிலேயே யாழ்ப்பாணம் போய் இறங்கினாள். நிசாந்தினி இணுவிலில் தாய் வீட்டில் இருந்தாள். அந்தப் பக்கத்துக் கிணறுகளில் ஒருகாலம் எண்ணெய் மிதந்த கதை பேப்பரில் வந்தது அம்பிகைக்கு மறக்கவில்லை. இப்போது இல்லை, குழாய்த் தண்ணீர்தான் குடிக்கிறோம் என்று சம்பந்தியம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"குழாயிலை என்ன வருகுதெண்டு ஆருக்குத் தெரியும்? எங்கடை கிணத்துத் தண்ணி ஒண்டுதான் வயித்துப்பிள்ளைக்குச் சரி. நான் சுதனை அதிலைதான் வளர்த்தனான்" என்று மருமகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

நிசாந்தினி நல்ல பெண். மாமி செம்பில் கொடுத்த தண்ணீரையெல்லாம் மறுக்காமல் குடித்தாள். எழும்பியவுடன் ஒரு செம்பு, சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று. தைப்பொங்கலுக்கு அவளையே பானை வைக்கச் சொன்னாள் அம்பிகை. பால் விடுவதற்கு முன்னமே, வெறும் தண்ணீரிலேயே நுரை கட்டி எழும்பி நாலு பக்கமும் வழிந்தது. அம்பிகை கண்ணில் நீர் முட்ட இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள். இப்படி ஒரு பொங்கலை அந்த வீடு கண்டதில்லை.

பங்குனியில் பிரவீனன் என்ற பையன் வந்தான். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவன், தீவுகளின் தண்ணீரைச் சோதிக்கிறோம், வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்க்கிறோம் என்றான். குடியிருப்புக்குப் போய்ப் பரல் தண்ணீரிலும் எடுத்திருந்தான். அம்பிகை தானே கிணற்றில் அள்ளி அவன் போத்தலை நிரப்பிக் கொடுத்தாள்.

"வடிவாச் சோதியும் தம்பி. தீவிலை இப்பிடித் தண்ணி வேறை எங்கையும் இல்லை எண்டு எழுதும்."

அதற்குப் பிறகு நிசாந்தினியின் கால் வீங்கத் தொடங்கியது. முகமும் ஊதியது. கிளினிக்கில் பிரஷர் என்றார்கள், உப்பைக் குறை, தண்ணீரைக் கூடக் குடி என்றார்கள். அம்பிகை இன்னும் இரண்டு செம்பு கூட்டினாள்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் நிருஜா தெருவால் போனாள். அவளுக்கும் வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. படலையடியில் நின்ற நிசாந்தினியைக் கண்டு சிரித்து, "எத்தினை மாதம் அக்கா? எனக்கு நாலு" என்று கேட்டுவிட்டுப் போனாள். அம்பிகை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் மாதமே நிசாந்தினிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. ஆண்பிள்ளை. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. யாழ்ப்பாணத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஏதேதோ குழாய் பூட்டினார்கள். மூன்றாம் நாள் போய்விட்டது. ஏன் என்று கேட்டதற்கு டொக்டர், சில பிள்ளைகள் இப்படித்தான் என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போனார். நிசாந்தினி தாய் வீட்டுக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். மாமி பார்க்கப் போனாலும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. சுதனும் ஊருக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

அம்பிகைக்குத் துக்கத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அடக்கம் முடிந்து தீவுக்குத் திரும்பிய அன்று அவள் வீட்டுக்குள் போகவில்லை. நேரே குடியிருப்புச் சந்திக்குப் போய், தெரு மண்ணை இரண்டு கையாலும் அள்ளி மேரிஜோசப்பின் வீட்டுப் பக்கம் பார்த்துத் தூற்றினாள்.

"உன்ரை மேள் கண் வைச்சதாலைதானடி என்ரை குஞ்சு போனது! அவளின்ரை வயிறும் எரியும், பாத்துக்கொண்டிரு!"

ஊர் முழுக்க நின்று கேட்டது. நிருஜா வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். செத்த வீட்டுக்காரி, பேசட்டும் என்று மேரிஜோசப்பின் விட்டுவிட்டாள்.

ஆடி பிறந்தபின் பிரவீனன் மறுபடி வந்தான். இந்தமுறை கதிரையில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

"அன்ரி, இந்தக் கிணத்துத் தண்ணியை இண்டையோடை விடுங்கோ. குடிக்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம்."

"ஏன் தம்பி, உவர் ஏறிட்டுதோ?"

"உவர் இல்லை. மழைக்கோட்டுத் துணியிலை தண்ணி ஒட்டாமல் உருண்டு விழுறதுக்கு ஒரு இரசாயனம் பூசுவினம். அது நிறையக் கிடக்குது. தீவிலை அது வாறதுக்கு ஒரு வழியும் இல்லை. அதுதான் எனக்கு விளங்கேல்லை. நுரை ஏதும் கண்டனீங்களோ?"

முழங்கால்வரை எழும்பிய நுரையும், பொங்கல் பானையும், மல்லாந்து கிடந்த மீனும் ஒன்றன்பின் ஒன்றாக அம்பிகைக்கு முன்னால் வந்து நின்றன.

"கரைப் பக்கத்துப் பரல்கள்?" என்று மெல்லக் கேட்டாள்.

"அதிலை ஒண்டும் இல்லை. அந்தப் பரல்களை ஆரோ நல்லாக் கழுவியிருக்கினம். அவையிட்டையும் சொல்லிப்போட்டுத்தான் வாறன், உங்கடை தண்ணி நல்லம் எண்டு."

"கொதிக்க வைச்சால் போகாதோ?"

"போகாது. இறைச்சாலும் போகாது, கல்லிலை ஊறிட்டுது. மண்ணிலை உக்காது, உடம்பிலையும் கனகாலம் நிக்கும். எங்கடை ஆயுளுக்குள்ளை அழியாது அன்ரி."

"வயித்திலை இருக்கிற பிள்ளைக்கு?"

பிரவீனனுக்கு அந்த வீட்டுக் கதை தெரியும். நிலத்தைப் பார்த்தான். "இதாலைதான் எண்டு ஒரு டொக்டரும் எழுதித் தரமாட்டினம். இல்லையெண்டும் எழுதித் தரமாட்டினம்."

அம்பிகை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இதை ஊரில் ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம், அண்ணை கனடாவிலிருந்து வரட்டும், அப்பாவின் பேர் போய்விடும் என்று கெஞ்சினாள். அப்பாவின் பேருக்கும் இதற்கும் என்ன என்று அவனுக்கு விளங்கவில்லை. அழுகிற ஒரு தாய் என்று மட்டும் விளங்கியது.

"வேறை ஆரும் இதிலை குடிக்கிறவையோ?"

"ஒருத்தரும் இல்லை தம்பி. நாங்கள் ஒருத்தரையும் விடுறேல்லை."

"அப்ப வடிவாப் பூட்டி வையுங்கோ. அறிக்கையை நான் எழுதத்தான் வேணும். பேர் போடாமல் எழுதுறன்."

அவன் போனபின் அம்பிகை கிணற்றுக்குக் கம்பிவலை மூடி போடுவித்து ஆமைப்பூட்டால் பூட்டினாள். சுதனுக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நல்ல தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவளை இழுத்துக்கொண்டு வந்து, செம்பு செம்பாக ஊற்றிக் கொடுத்தது தன் கை என்று எந்தத் தாய் மகனுக்குச் சொல்வாள்? நிருஜாவைச் சபித்தது பொய் என்று சந்தியில் போய் நின்று சொல்லவும் அவளால் ஏலவில்லை. பெரிய போத்தல்களில் தண்ணீர் விற்கிற வானை வீட்டுக்கு வரச்சொன்னாள். வாயில் வைத்தால் அந்தத் தண்ணீருக்கு ஒரு ருசியும் இல்லை. அழுதுகொண்டே குடித்தாள்.

ஆவணியில் பவுசரின் அச்சு முறிந்தது. சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்று வேலணைக்காரன் கையை விரித்தான். மழை கண்ணிலும் இல்லை. முதல் கிழமை குடியிருப்பார் பரலின் அடியைச் சுரண்டினார்கள். இரண்டாம் கிழமை உவர்த் தண்ணீரில் கஞ்சி வைத்தார்கள், குழந்தைகளுக்கு வயிற்றால் போனது. அம்பிகை வீட்டுக்குப் போத்தல் வான் வந்து போவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் காலை அவர்கள் வந்தார்கள். குடம் கொண்டு வரவில்லை. பரல்களை வீதியால் உருட்டிக்கொண்டு வந்தார்கள். அமரர் அரியநாயகம் ஒருதரம் நேராகவும் ஒருதரம் தலைகீழாகவும் உருண்டு உருண்டு வந்து தன் வீட்டுப் படலையடியில் நின்றார்.

"அக்கா, கிணத்தைத் திறவுங்கோ" என்றாள் மேரிஜோசப்பின். குரலில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. பக்கத்தில் நிருஜா நின்றாள். ஏழு மாத வயிறு, உதடு வெடித்துக் காய்ந்திருந்தது.

"மேரி, அந்தத் தண்ணி குடிக்க ஏலாது."

"ஏன், பாம்போ?"

"இல்லையடி. நஞ்சு. உண்மையா நஞ்சு."

யாரும் சிரிக்கக்கூட இல்லை. மேரிஜோசப்பின் தலையை மட்டும் ஆட்டினாள். "என்ரை அம்மாவுக்குப் பாம்பு எண்டியள். எனக்கு மருந்து எண்டியள். இப்ப என்ரை மேளுக்கு நஞ்சோ? எங்களுக்குத்தான் அந்தக் கிணத்திலை எல்லாம் விழுது."

"என்ரை அப்பாவாணை! பேரப்பிள்ளை அதாலைதான் செத்தது. நிசாந்தினி குடிச்ச தண்ணியாலைதான்!"

சொல்லிவிட்டாள். இத்தனை நாளாகத் தொண்டையில் நின்றதை ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நம்பிவிட்டார்கள் என்று அம்பிகை நினைத்தாள்.

"அண்டைக்குச் சந்தியிலை நிண்டு மண் அள்ளித் தூத்தினீங்களே" என்றாள் மேரிஜோசப்பின். "என்ரை பிள்ளையின்ரை கண்ணாலை செத்ததெண்டு. இவள் அண்டையிலையிருந்து ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை. இண்டைக்குத் தண்ணியாலையோ? நாளைக்கு என்னத்தாலை எண்டுவியள்?"

"பிரவீனன் தம்பியைக் கேளுங்கோ! அவர் சோதிச்சுச் சொன்னவர்!"

"அந்தத் தம்பி எங்களிட்டையும் வந்தவர். எங்கடை பரல் தண்ணி நல்லம் எண்டு சொன்னவர். உங்கடை கிணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை. நஞ்செண்டால் எங்களுக்குச் சொல்லாமலோ போவார்?"

அவன் ஏன் சொல்லவில்லை என்பது அந்த இடத்தில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அம்பிகை வாயைத் திறந்தாள். நான்தான் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினேன் என்று சொன்னால் அதையும் யார் நம்பப்போகிறார்கள்?

ஆண்கள் இருவர் அலவாங்கோடு உள்ளே போனார்கள். பூட்டு இரண்டு அடிக்குத் தாங்கவில்லை. அம்பிகை ஓடிப்போய்க் கிணற்றுக் கட்டுக்குமேல் குறுக்கே விழுந்து, "தொடாதேங்கோ, கயிறைத் தொடாதேங்கோ!" என்று கத்தினாள். தாயும் பாட்டியும் அந்த வீட்டில் காலங்காலமாகக் கத்திய அதே கத்தல். வேறு குரலில் கத்த அவளுக்குத் தெரியாது. பெண்கள் அவளைத் தூக்கி ஒரு பக்கம் இருத்தினார்கள். அடிக்கவில்லை, ஏசவில்லை.

மேரிஜோசப்பின் கயிற்றைக் கையில் எடுத்தாள். ஒருதரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு வாளியை விட்டாள். கப்பி கிறீச்சிட்டது. வாளி வந்தபோது விளிம்பில் வெள்ளையாக நுரை நின்றது. அதைக் கையால் வழித்து எறிந்துவிட்டு, முதல் தண்ணீரை மகளுக்கு ஒரு செம்பில் வார்த்தாள்.

நிருஜா இரண்டு கையாலும் செம்பைப் பிடித்து நின்ற நிலையில் குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதை அம்பிகை பார்த்துக்கொண்டிருந்தாள். நிசாந்தினியும் இப்படித்தான் குடிப்பாள், ஒரு சொட்டும் சிந்தாமல்.

"இனிக்குது அம்மா" என்றாள் நிருஜா. இன்னொரு செம்பும் வாங்கிக் குடித்தாள். அப்போதுதான் மாமரத்தடியில் நடுங்கிக்கொண்டிருந்த அம்பிகையைக் கண்டாள். அந்தப் பெண்ணுக்கு மனம் கேட்கவில்லை. சபித்த வாய் என்றும் பார்க்காமல், செம்பை நிரப்பிக்கொண்டு வயிற்றைத் தாங்கித் தாங்கி நடந்து வந்து நீட்டினாள்.

"அக்கா, நடுங்குறியள். ஒரு வாய் குடியுங்கோ."

அள்ளிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குடியிருப்பு ஆள் ஒருவர் கையிலிருந்து அந்த வீட்டார் யாரும் தண்ணீர் வாங்கியதில்லை. அம்பிகை செம்பைப் பார்த்தாள். குடித்தால் தண்ணீரில் ஒன்றுமில்லை என்று ஊர் முடிவு கட்டிவிடும், நிருஜா இன்றைக்கும் குடிப்பாள், நாளைக்கும் குடிப்பாள். குடிக்காவிட்டால் ஏன் குடிக்கவில்லை என்பதற்கு இந்த வளவில் ஒரே ஒரு காரணம்தான் எல்லோருக்கும் தெரியும். அவள் நிருஜாவின் முகத்தைப் பார்த்துக் கண்ணாலேயே மன்றாடினாள். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு தலையை அந்தப் பக்கம் திருப்பினாள்.

நிருஜாவின் நீட்டிய கை கொஞ்சநேரம் அப்படியே நின்றது. பிறகு அந்தத் தண்ணீரையும் வீணாக்காமல் தானே குடித்துவிட்டுப் போனாள்.

"பாத்தியளோ?" என்றாள் மேரிஜோசப்பின் மற்றவர்களைப் பார்த்து. "எங்கடை கை பட்டதுதான் இதிலை இருக்கிற நஞ்சு. வேறை ஒண்டும் இல்லை. அள்ளுங்கோ."

அவர்கள் அள்ளினார்கள். ஒருவர் மாறி ஒருவர் கயிற்றைப் பிடித்து, சின்னப் பிள்ளைகளுக்கும் ஒருதரம் பிடிக்கக் கொடுத்து, மத்தியானத்துக்குள் எல்லாப் பரல்களையும் விளிம்புவரை நிரப்பி, வண்டில் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.